அன்னதானத்தில் பெயர் கேட்காத அம்மா, வாடகைக்கு மட்டும் ஏன் கேட்டார்? மதம் தருவது அன்பா, வேலியா?

கடற்காற்று | வெள்ளி இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் 18 வீடுகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள், இரண்டைத் தவிர மற்றவை சைவம். மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலி. உரிமையாளர் கனடாவில். வாடகைக்கு ஆள் பார்க்கிற பொறுப்பைக் குடியிருப்பாளர் சங்கத்திடம் விட்டிருக்கிறார். போன வாரம் ஒரு முஸ்லிம் குடும்பம் வந்து பார்த்தது. அவர் வங்கியில் வேலை, மனைவி ரீச்சர், ஒரு சின்னப் பிள்ளை. முற்பணம் உடனே தரத் தயார். சங்கத்தில் ஏழு பேர் கூடிக் கதைத்து, "சைவ ஆக்களுக்கு மட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த ஏழு பேரில் என் அம்மாவும் ஒருவர்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் அன்னதானத்தில் பரிமாறுவார். முழங்கால் வலியோடுதான். சாப்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் சாமி கும்பிட வந்தவர்கள் இல்லை. லொத்தர் சீட்டு விற்கிற சிங்கள ஐயா வருவார், ஓட்டோக்காரர்கள் வருவார்கள், தொப்பி போட்ட கிழவர் ஒருவரும் வருவார். ஒருநாளும் அம்மா பெயர் கேட்டதில்லை. "பசிக்கு ஏது தம்பி சமயம்" என்பார்.

வியாழக்கிழமை அந்தக் குடும்பத்துக்கு வீடு இல்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தொப்பிக் கிழவருக்கு இரண்டாம் தரம் சாம்பார். நான் கேட்டேன், ஏன் என்று. "அவையள் மாட்டிறைச்சி சமைச்சா மணம் வரும். நான் பூசை செய்யிற வீடு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் என்னை உறுத்துகிறது. வெறுப்பு இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

இரண்டுமே அம்மாவின் சமயத்திலிருந்து வருகிறவைதான். சோறு போடச் சொன்னதும் அது, கதவைச் சாத்தச் சொன்னதும் அது. சமய ஒழுக்கம் வெளியாளை நேசிக்கக் கற்றுத் தருகிறதா, தள்ளி வைக்கக் கற்றுத் தருகிறதா? உங்கள் அனுபவம் என்ன?

கேள்விக்குறி | வெள்ளி இரவு 9.58

இதற்கு ஒரு இழையே தேவையில்லை. மதம் வேலி போடுகிறது, அன்னதானம் அந்த வேலிக்கு அடிக்கிற வர்ணம். மதமில்லாத வீட்டுப் பிள்ளைகள் பகிர்ந்து கொடுப்பதில் மதப் பிள்ளைகளை விட நல்லவர்கள் என்று ஆய்வே வந்திருக்கிறது. ஆறு நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், 2015. தேடிப் பாருங்கள்.

திருநீறு | வெள்ளி இரவு 10.15

கடற்காற்று, உங்கள் அம்மாவைப் பொதுவெளியில் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர் யாரையும் ஏசவில்லை, அடிக்கவில்லை. புலால் உண்ணாமை எங்கள் சமயத்தில் அடிப்படை. அது உயிர்கள் மேல் உள்ள இரக்கத்தால் வந்தது. சைவச் சமையல் வீட்டுக்கு மேல்மாடியில் இறைச்சி காய்ச்சினால் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவர்களுடைய தெருவில் பன்றி சமைக்கிற ஒருவருக்கு வீடு கொடுப்பார்களா, அதையும் கேளுங்கள்.

நோன்புக்கஞ்சி | வெள்ளி இரவு 10.41

அவர்களில் ஒருவன் நான்தான், என்னிடமே கேட்டிருக்கலாம் 🙂

கொடுக்க மாட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன். தெஹிவளையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் நாய் வளர்க்கிறது என்ற காரணத்துக்காகவே வீடு கிடைக்காமல் போனார்கள். வீட்டுக்காரர் எங்கள் சொந்தம். ஐந்து நேரமும் தொழுபவர், நோன்பு மாதம் முழுக்கத் தெருவில் போகிற எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுபவர். ஆக, கடற்காற்றின் உம்மாவும் எங்கள் சாச்சாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் மாதிரித்தான் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. நாங்கள் மாட்டிறைச்சி தினமும் சமைப்பதில்லை. விலை தெரியுமா?

ஓய்வூதியம் | சனி காலை 6.20

பிள்ளைகளே, காலையில் தேத்தண்ணியோடு வாசித்தேன். நான் மெதடிஸ்த சபை. முப்பது வருடம் சமயபாடம் படிப்பித்தவள், அதனால் கொஞ்சம் பிரசங்கம் வரும், மன்னியுங்கள்.

நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் தெரியும். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் குருவானவர் விலகிப் போனார், ஆலயப் பணி செய்கிற லேவியன் விலகிப் போனான், சமாரியன் நின்றான். வகுப்பில் நாங்கள் குருவானவரைக் கல்நெஞ்சர் ஆக்கிவிடுவோம். ஆனால் சில விளக்கவுரைகாரர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்: கிடந்தவன் செத்தவன் போலத் தெரிந்திருக்கலாம், பிணத்தைத் தொட்டால் தீட்டு, தீட்டுப்பட்டவர் பூசைப் பணி செய்ய முடியாது. அப்படியானால் அவர் விலகியது பக்தியால். கடற்காற்றின் அம்மா "நான் பூசை செய்யிற வீடு" என்று சொன்னதை வாசித்ததும் எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வந்தது.

கதைக்கு முந்தின கேள்வியும் முக்கியம். நியாயசாஸ்திரி கேட்டது "எனக்கு அயலான் யார்?" என்று. அதாவது, யார் வரைக்கும் நான் நேசித்தால் போதும், எல்லை எங்கே என்று. இயேசு எல்லையைச் சொல்லவில்லை. "இந்த மூவரில் அவனுக்கு அயலானாய் இருந்தவன் யார்?" என்று திருப்பிக் கேட்டார். யூதர்கள் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கத் தயங்கிய சாதி சமாரியர்.

இதை வருடா வருடம் படிப்பித்த எங்கள் சபையில், கலியாணப் பேச்சு என்று வந்தால் ஞானஸ்நானப் பத்திரம் கேட்க முதல் ஊரும் பகுதியும் கேட்பார்கள். என்ன பகுதி என்று உங்களுக்கு விளங்கும்தானே.

தரவுப்பூனை | சனி காலை 9.05

கேள்விக்குறி, அந்த 2015 ஆய்வு மீளப் பெறப்பட்டுவிட்டது. 2019 இல். நாடுகளுக்கு 1, 2, 3 என்று அடையாள எண் கொடுத்திருந்தார்கள், கணக்குப் போடும்போது அந்த எண்களை அளவு மாதிரி எடுத்துவிட்டார்கள். அதாவது ஒரு நாடு இன்னொரு நாட்டைவிட "மூன்று மடங்கு நாடு" என்பது போல. திருத்திப் பார்த்தால் மதத்துக்கும் பகிர்தலுக்கும் சொன்ன தொடர்பு பெரும்பாலும் காணாமல் போகிறது. பத்திரிகைகள் ஆய்வைப் பெரிதாகப் போட்டன, மீளப் பெற்றதை அவ்வளவு பெரிதாகப் போடவில்லை.

ரீச்சர் சொன்ன சமாரியன் கதையை வைத்தே ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1973 இல் டார்லி, பாட்சன் என்ற இருவர் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்களிடம் செய்தது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் உரை நிகழ்த்தச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன். வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். நின்று உதவியவர்கள்: அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம், "நேரமாகிவிட்டது, ஓடு" என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். தலைப்பு சமாரியனா வேறொன்றா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவரே கிடந்தவரைத் தாண்டிப் போயிருக்கிறார்.

கேள்விக்குறி | சனி காலை 9.30

மீளப் பெற்றது தெரியாது. சரி, அதை விடுகிறேன். ஆனால் முஸ்லிம்கள் மேல் நடந்த அளுத்கம 2014, திகன 2018 கலவரங்கள், ஈஸ்டர் 2019, இதையெல்லாம் எந்த எண் குழப்பத்தில் போடுவீர்கள்?

மெழுகுதிரி | சனி முற்பகல் 11.12

ஈஸ்டர் என்று ஒரு சொல்லில் போய்விட்டீர்கள். நான் மட்டக்குளி. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்களுக்கு நடந்து போகிற தூரம். அங்கே குண்டு வெடித்த அந்த 2019 ஏப்ரல் 21 காலை பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

எழுத விரும்புவது அதற்கு முன்னால் இருந்த செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி, இப்போதும் இருக்கிற செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். பொட்டு வைத்தவர்கள் பாதிக்கு மேல். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர், வெள்ளை உடுத்த சிங்கள அம்மாமார், முந்தி முஸ்லிம் பெண்களும் வருவார்கள். பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கிற அந்தோனியாரின் கால்பக்கத்தில் கையை வைத்து எல்லாரும் ஒரே மாதிரித்தான் அழுவார்கள். பிள்ளை இல்லை, கடன், விசா, காணாமல் போன சங்கிலி. அங்கே போகிறவர் எல்லாரும் கேட்கப் போனவர்கள். அங்கே கொடுக்கிறவர் என்று ஒருவரும் நிற்பதில்லை. அதனால்தான் அங்கே யாரும் யாருக்கும் வெளியாள் இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மா அன்னதானத்தில் கொடுக்கிற பக்கம். வாடகையிலும் கொடுக்கிற பக்கம். ஒருநாள் செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். (அவர் ஏற்கெனவே வருகிறவராகவும் இருக்கலாம், வெள்ளவத்தை அம்மாமார் நிறையப் பேர் வருவார்கள்!)

கோயில் அந்த ஜூனிலேயே மறுபடி திறந்தது. முதல் செவ்வாய் நான் போனேன். பொட்டு வைத்தவர்கள் குறையவில்லை. முக்காடு போட்டவர் ஒருவரையும் காணவில்லை.

நோன்புக்கஞ்சி | சனி மதியம் 12.50

மெழுகுதிரி, கடைசி வரிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. என் உம்மா போயிருக்கிறா, 2019க்கு முதல். அதற்குப் பிறகு போகப் பயம். உங்களுக்கு எங்களைக் கண்டால் பயம் வருமோ என்று எங்களுக்குப் பயம்.

கேள்விக்குறிக்கு: ஈஸ்டர் குண்டுகளை வைத்த சஹ்ரான் கூட்டம் முதலில் அடித்தது யாரை என்று தெரியுமா? 2017 இல் காத்தான்குடியில் சூபி முஸ்லிம்களை. ஊர்ச் சனம் அப்போதே எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்தது. 2019 இல் அந்த ஆட்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று எங்கள் மார்க்க அறிஞர் சபையான ஜம்இய்யத்துல் உலமா சொன்னது. எங்களில் ஜனாஸாவை, அதாவது இறுதிக் கடமையை, மறுப்பது எவ்வளவு பாரமான காரியம் என்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. கபுர்க் குழி கிடைக்காமல் ஒருவர் போகக் கூடாது என்பது எங்களில் கடமை.

அந்தக் கடமையைத்தான் 2020 இல் எங்களிடமிருந்து பறித்தார்கள். கொரோனாவில் இறந்தவர் எவராயினும் எரிக்க வேண்டும் என்று உத்தரவு. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையை எரித்தபோது பொரளை கனத்தை மயானத்தின் வேலிக் கம்பியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். நானும் போனேன். எனக்குப் பக்கத்தில் துணி கட்டியவர் ஒரு சிங்களப் பெண், கையில் பௌத்தர் ஓதிக் கட்டுகிற பிரித் நூல். ஒரு கன்னியாஸ்திரியும் இருந்தார். இரவோடிரவாக யாரோ துணிகளை அவிழ்த்துவிட்டார்கள், அடுத்த நாள் மற்றவர்கள் வேறு துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது, பேந்து ஓட்டமாவடியில் இடம். 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

அரசாங்கத்தையும் அந்தப் பெண்ணையும் ஒரே பௌத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியாது.

பாதிச்சிங்களம் | சனி பின்னேரம் 3.33

நான் தமிழ், படித்தது சிங்கள மொழிமூலம், கம்பஹா பக்கம். அந்த "ஒரே பௌத்தம்" பற்றி.

இலங்கைப் பௌத்தர்களின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் இரண்டு காட்சிகள் உண்டு, கிட்டத்தட்ட அடுத்தடுத்து. சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் அரசன் எல்லாளனைக் கொன்றபின் அவனுக்கு மரியாதையோடு ஈமக்கிரியை செய்கிறான், சமாதியைக் கடந்து போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று கட்டளை இடுகிறான். இது ஒரு காட்சி. அடுத்தது, இத்தனை பேரைக் கொன்றேனே என்று தூக்கமில்லாமல் இருக்கிறான். அரகந்தர்கள், அதாவது ஞானம் பெற்ற பிக்குகள், வந்து ஆறுதல் சொல்கிறார்கள்: நீ கொன்றது ஒன்றரை மனிதர்தான். ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவன், மற்றவன் பஞ்சசீலம் எடுத்தவன். மீதிப் பேர் மிருகத்துக்குச் சமம்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முதல் காட்சியை நாடகமாகப் போட்டார்கள். நான் எல்லாளன், வேறு யார் 😄. இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வளர்ந்த பிறகு நானாக வாசித்தேன். அந்த ஒன்றரை என்ற கணக்கை என்னால் மறக்க முடியவில்லை. கொல்லாமையை முதல் சீலமாக வைத்த மதம், கொன்றவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்தபோது கொல்லாமையில் கை வைக்கவில்லை. "மனிதர்" என்ற சொல்லின் சுற்றளவைக் குறைத்துவிட்டது. ஒழுக்கவிதி அப்படியே இருக்கிறது, யாருக்குச் செல்லும் என்பதுதான் மாறிவிட்டது.

இதே மதத்தில் அசோகன் தன் பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில், தன் சமயத்தைப் புகழ்வதற்காகப் பிறர் சமயத்தை இகழ்கிறவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்று வெட்டி வைத்திருக்கிறான்.

திருநீறு | சனி பின்னேரம் 4.10

பார்த்தீர்களா, மற்றவர்களுடைய நூல்களில் இப்படி. சைவத்தில் மதம் மாற்று, கொல் என்று எங்கேயாவது இருக்கிறதா? அன்பே சிவம் என்று சொன்ன சமயம்.

கடற்காற்று | சனி மாலை 6.02

திருநீறு அண்ணை, நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். ஆனால் அம்மாவிடம் தேவாரம் படித்தவன் நான். சம்பந்தர் பதிகங்களில் ஒரு ஒழுங்கு உண்டு: எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும், பத்தாவதில் சமணரும் பௌத்தரும். அந்தப் பத்தாம் பாட்டில் அவர்களுக்கு விழுவது ஏச்சு. நமது திருக்கோணமலைப் பதிகத்திலும் உண்டு. சமணரைக் கழுவேற்றிய கதையைப் பெரியபுராணம் எப்படிச் சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம், நாங்கள் அதைப் பெருமையாகத்தான் கேட்டோம்.

வேடிக்கை என்ன என்றால், அம்மா அந்தப் பத்தாம் பாட்டை விடாமல் பாடுவார். பாடி முடித்து, புத்தரின் வெசாக் திருநாள் என்றால் காலி வீதியில் தன்சல் (இலவச உணவுப் பந்தல்) வரிசையில் நின்று ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வருவார். பன்சலைப் (விகாரை) பிக்குவைக் கண்டால் கும்பிடுவார். பாட்டின் பொருள் அவர் காதில் விழுவதே இல்லை. நூலில் என்ன இருக்கிறது என்பதை வைத்து ஆளை அளக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

பாதிச்சிங்களம் | சனி மாலை 6.25

அந்த வெசாக் விடுமுறையே ஒரு மதச்சண்டையால் கிடைத்ததுதான். 1883 ஈஸ்டர் ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் கலவரம். நீதி கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் தங்களுக்காக நின்ற அமெரிக்கர் ஒல்கொட்டை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1885 இல் விடுமுறை வந்தது. இன்றைக்கு அதே கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கப் பெடியளும் தன்சலில் மரவள்ளிக்கிழங்கு பரிமாறுகிறார்கள்.

மலைத்தேன் | சனி இரவு 8.47

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க. நான் புறக்கோட்டையில் மொத்தக் கடையில் கணக்கு எழுதுறவன், ஊர் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்ட மலையகம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால வெள்ளவத்தையில் வீடு தேடினேன். விளம்பரத்தில் "சைவக் குடும்பத்துக்கு மட்டும்". சரி, நாம சைவம்தானே, நெற்றி நிறைய விபூதியோடு போனேன். அந்த அம்மா சந்தோஷமா உட்காரச் சொல்லி தேத்தண்ணி கொடுத்தாங்க. அப்புறம் "சொந்த இடம் எது?" என்றாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மகன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாங்க. இன்னைக்கு வரைக்கும் மகன் பதில் சொல்லலை.

அதனால எனக்கு இந்த "மதம் வெளியாளை வெறுக்குதா" என்ற கேள்வியே சரியாப் படலை. அந்த அம்மாவுக்கு நான் ஒரே சாமி, ஒரே தேவாரம். வெளியாள் யார் என்று அவங்க ஏற்கெனவே முடிவு செஞ்சிருக்காங்க, விளம்பரத்தில் போடுறதுக்கு மதம் மரியாதையான சொல்லா இருக்கு. "தோட்டக்காட்டாருக்கு இல்லை" என்று, எங்களை இளக்காரமாச் சொல்ற சொல்லைப் பத்திரிகையில் போட முடியாது பாருங்க.

ஓய்வூதியம் | சனி இரவு 9.15

தம்பி, வாசித்து வெட்கப்பட்டேன். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சாதி சொல்லி வழிமறிக்கப்பட்டவர்களும் அதே சாமியைக் கும்பிட்டவர்கள்தான்.

கேள்விக்குறி | சனி இரவு 9.50

மலைத்தேன் சொன்னதற்குப் பிறகு நான் என் முதல் பதிவைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றிய புலிகள் கடவுளின் பேரில் செய்யவில்லை. அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதும் வேதம் படித்துவிட்டு அல்ல. மதம் இல்லாமலும் வேலி போட எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மதம் போடுகிற வேலிக்கு ஒரு தனிப் பலம் உண்டு: அதைப் பிடுங்கினால் பாவம் என்று ஆகிவிடுகிறது. கடற்காற்றின் அம்மாவிடம் "அது சரியில்லை" என்று சொல்லலாம். "உங்கள் பூசை சரியில்லை" என்று சொல்ல முடியுமா?

நோன்புக்கஞ்சி | சனி இரவு 10.05

என் மனைவியின் வீட்டார் யாழ்ப்பாணம், சோனகதெரு. இப்போது புத்தளம். மாமா இன்றும் வீட்டுத் திறப்பை (சாவியை) வைத்திருக்கிறார். வீடு இல்லை, திறப்பு இருக்கிறது. எழுதியதற்கு நன்றி.

தரவுப்பூனை | ஞாயிறு காலை 8.30

இரவு முழுக்க இதையே யோசித்தேன். இரண்டு ஆய்வுகள். இவை மீளப் பெறப்படவில்லை, பார்த்துவிட்டேன் 🙂

2009 இல் ஜிஞ்சஸ் என்பவரும் கூட்டாளிகளும் பலஸ்தீனர்களிடம் கேட்டார்கள். தற்கொலைத் தாக்குதலுக்கு ஆதரவு யாரிடம் கூட? அடிக்கடி தொழுகிறவர்களிடமா? இல்லை. தொழுகை எத்தனை தரம் என்பதற்கும் ஆதரவுக்கும் தொடர்பு தெரியவில்லை. கூட்டாக வணங்கும் இடத்துக்கு எத்தனை தரம் போகிறார் என்பதற்குத் தொடர்பு இருந்தது. யூதக் குடியேற்றவாசிகளிடம் பார்த்தபோதும் அதே சாயல்.

2016 இல் அதே ஆள் இன்னொன்று செய்தார். பலஸ்தீன முஸ்லிம் இளைஞர்களிடம், ஒருவரைப் பலிகொடுத்துப் பல பிள்ளைகளைக் காப்பாற்றலாமா என்ற மாதிரி ஒரு இக்கட்டு. பிள்ளைகள் பலஸ்தீனர் என்றால் ஒரு பதில், யூதர் என்றால் இன்னொரு பதில். சொந்த ஆள் பக்கம் சாய்வு இருந்தது, எதிர்பார்க்கக்கூடியதுதான். பிறகு, "அல்லாஹ் எதை விரும்புவான் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார்கள். சாய்வு குறைந்தது.

கடவுளோடு தனியே இருக்கும்போது கொஞ்சம் அகலமாகிறோம், கூட்டத்தோடு இருக்கும்போது ஒடுங்குகிறோம் என்று எனக்குப் படுகிறது. இரண்டு ஆய்வை வைத்து உலகத்தைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

ஓய்வூதியம் | ஞாயிறு காலை 11.40

இப்போதுதான் ஆராதனை முடிந்து வந்தேன், கூட்டத்தோடு ஒடுங்கிவிட்டு!

பூனை சொன்னதை மெழுகுதிரியின் செவ்வாய்க்கிழமையோடு வைத்துப் பாருங்கள். அதுவும் கூட்டம்தான், ஆனால் கலந்த கூட்டம். பிரச்சினை கூட்டமா, ஒரே நிறக் கூட்டமா? கடற்காற்று, ஏழு பேர் கொண்ட சங்கத்தில் ஒரு நோன்புக்கஞ்சியோ ஒரு மலைத்தேனோ இருந்திருந்தால் "சைவ ஆக்களுக்கு மட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பார்களா? அம்மாவைத் தனியே விட்டிருந்தால், அந்தக் குடும்பம் நேரே அவர் கதவைத் தட்டியிருந்தால், அவர் வேறு மாதிரி நடந்திருப்பார் என்பது என் ஊகம்.

திருநீறு | ஞாயிறு மதியம் 1.20

மலைத்தேன் தம்பிக்கு நடந்தது தவறு. அதற்குச் சைவத்தில் ஆதாரம் இல்லை. இதை நான் தெளிவாகச் சொல்கிறேன்.

ஆனால் கலந்த கூட்டம் கலந்த கூட்டம் என்கிறீர்கள். எங்களுடைய பயத்தையும் ஒருதரம் கேளுங்கள். சாப்பாடு, பள்ளிக்கூடம், மருந்து என்று அன்போடுதான் மிஷன்காரர் வந்தார்கள். இரண்டு தலைமுறையில் எங்கள் குடும்பத்தில் பாதி ஞானஸ்நானம். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் சின்னச் சின்னச் சபைகள் வீடு வீடாக வருகின்றன. வெளியாளை நேசிக்கிறேன் என்பவர், அவன் வெளியாளாகவே இருந்தாலும் நேசிப்பாரா? அதைக் கேட்காமல் எங்கள் வேலியை மட்டும் குறை சொல்லாதீர்கள். வேலி இல்லாவிட்டால் நாங்கள் மிஞ்சியிருக்க மாட்டோம்.

மெழுகுதிரி | ஞாயிறு மதியம் 1.48

இது நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நான் உட்பட.

நிர்வாகி | ஞாயிறு பின்னேரம் 2.10

இடையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்று ஒரு மதத்தின் உணவைப் பற்றி, மற்றது அதற்குப் பதில். மற்றவர்கள் தொடருங்கள், நன்றாகப் போகிறது.

கடற்காற்று | திங்கள் இரவு 10.20

ரீச்சர் சொன்னதை நேற்று அம்மாவிடம் கேட்டேன். "அவையள் தனிய வந்து எங்கட கதவைத் தட்டியிருந்தா?" அம்மா யோசிக்கவே இல்லை. "இருக்கச் சொல்லித் தேத்தண்ணி குடுத்திருப்பன். வீடு குடுக்கிறது வேற." ரீச்சர், உங்கள் ஊகம் பாதி சரி. மலைத்தேனின் தேத்தண்ணிக் கதையையும் வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்தபடியே, "அந்தப் பெடியனுக்கு இப்ப வீடு கிடைச்சிட்டுதாமா?" என்று கேட்டார்.

அந்த முஸ்லிம் குடும்பம் தெஹிவளையில் வீடு எடுத்துவிட்டது. கனடாக்காரருக்கு நான் மின்னஞ்சல் போட்டேன். சைவம் மட்டும் என்று தான் சொல்லவே இல்லையாம், வாடகை முதலாம் திகதி வந்தால் போதுமாம். அப்படியானால் அந்த விதியை யார் போட்டது என்று கேட்டால், சங்கத்தில் ஏழு பேரும் மற்ற ஆறு பேரைக் காட்டுகிறார்கள்.

வரும் ஞாயிறு கூட்டம். அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அம்மா எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நோன்புக்கஞ்சி | திங்கள் இரவு 10.31

உம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் எங்கள் பக்கத்து ஒழுங்கைதான் போல. நாய் இல்லையே?

மலைத்தேன் | திங்கள் இரவு 10.44

எனக்கு இன்னும் கிடைக்கலைங்க, மருதானையில் மூணு பேரோடு ஒரு அறையில் இருக்கேன். அந்த மூணாம் மாடி வீட்டுக்கு முற்பணம் எத்தனை மாசம்?

கடற்காற்று | திங்கள் இரவு 10.50

ஆறு கேட்கிறார்கள். மூன்றாகக் குறைக்கக் கதைத்துப் பார்க்கலாம். கூட்டத்துக்கு முதல், சனிக்கிழமை வந்து பாருங்கள். அம்மா வீட்டில்தான் இருப்பார்.

மலைத்தேன் | திங்கள் இரவு 10.53

வர்றேன். தண்ணி ஒழுங்கா வருமா?

கடற்காற்று | திங்கள் இரவு 10.55

காலையில் வரும். பின்னேரத்தில் மோட்டர் போட வேண்டும்.